61 பசங்கள்ல 14 பேர்தான் விளையாடுறாங்க, மத்தவங்கள எப்படி இறக்குறது?

பெண்ணையாத்து டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல இருந்து நெல்லிக்குப்பம் போற பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில வேலை பாக்குறேன். ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 61 பசங்க, எச்.எம்.மோட சேத்து நாங்க மூணு பேர். பி.டி. சார்னு தனியா யாரும் கெடையாது, நாங்கதான் கணக்கு, நாங்கதான் தமிழ், நாங்கதான் பி.டி., சில நாள் பெல் அடிக்கிறதும் நாங்கதான். கிரவுண்ட பத்தி குறை சொல்ல மாட்டேன். 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணையில தண்ணி தெறந்து விட்டப்ப எங்க கிரவுண்டு முழுக்க வெள்ளம், வடிஞ்சப்புறம் பாத்தா வண்டலும் மணலுமா படிஞ்சு கெடந்துச்சு, முள்ளையும் உடைஞ்ச பாட்டிலையும் ஒரு வாரம் பொறுக்கி எடுத்தோம், இப்ப பசங்க விழுந்தா கூட முட்டி பேராத மாதிரி மெத்துனு இருக்கு.

இடம் இருந்தும் விளையாடத்தான் ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு பி.டி., பந்த தூக்கி குடுத்துட்டு நானும் நோட்டு திருத்த உக்காந்துருவேன் (திட்டாதீங்க, அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து மதிப்பீட்ட ஆப்புல ஏத்தலன்னா அதுக்கு தனியா போன் வரும்). போன வாரம் என்னமோ தோணுச்சு, நோட்ட மூடி வச்சுட்டு தலைய எண்ணிப் பாத்தேன். 61 பேர்ல நெசமா ஓடிக்கிட்டு இருந்தது 14 பேர். அஞ்சாவது ஆம்பள பசங்க பத்து பேரு, நாலாவதுல மூணு பேரு, பொண்ணுல ஒரே ஒருத்தி. மத்தவங்க எல்லாம் வேப்ப மரத்தடியில. ஒண்ணாவது ரெண்டாவது மண்ண அள்ளி கொட்டிட்டு இருக்கு, பொண்ணுங்க ஜடை பின்னிக்கிட்டு இருக்காங்க, நாலஞ்சு பேர் 'ஸ்கோர் பாக்குறோம் மிஸ்'ங்கிறாங்க.

நாலாவதுல ஒரு பையன், கொஞ்சம் குண்டா இருப்பான், ரெண்டாவது படிச்சதுல இருந்தே அவன் வேலை என்னன்னா எல்லாரோட பையையும் வரிசையா அடுக்கி வச்சு காவல் காக்குறது. "நீ போய் விளையாடுடா"ன்னா "நான் பைய பாத்துக்குறேன் மிஸ்"னு சிரிக்கிறான். பைய திருட எங்க ஸ்கூலுக்கு யாருங்க வரப்போறா? அந்த சிரிப்புதான் எனக்கு மனசுல நிக்குது.

எனக்கு ஒலிம்பிக்குக்கு ஆள் தயார் பண்ற ஐடியா எல்லாம் இல்ல. எல்லா பசங்களும் வேர்க்க வேர்க்க விளையாடிட்டு வீட்டுக்கு போகணும், அவ்வளவுதான். காசு இல்லாம, பி.டி. சார் இல்லாம, நோட்டு திருத்துற வேலையும் நடக்கணும். யாராவது செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

---

விசில் மாமா எழுதியது:

டீச்சரம்மா, பாண்டியில 31 வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், விசில் இன்னும் வீட்டுல ஆணியில தொங்குது. நீங்க தலைய எண்ணுனீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது, எங்கள மாதிரி ட்ரெயினிங் எடுத்தவங்களே பல பேர் எண்ணிப் பாத்தது கெடையாது.

உங்க ஸ்கூலுக்கு பி.டி. சார் வரமாட்டார், அத முதல்ல மனசுல இருந்து எடுத்துருங்க. 2009ல வந்த கல்வி உரிமை சட்டத்துலயே 6 டூ 8 வகுப்புக்குத்தான், அதுவும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தாத்தான் உடற்கல்விக்கு பகுதி நேர ஆளு. தொடக்கப்பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டு சாமானும் இருக்கணும்னு அதே சட்டத்துல போட்டிருக்கு, சொல்லி குடுக்க ஆளு போடல. ஓடி ஆடி பழக வேண்டிய வயசே அதுதான், என்னத்த சொல்றது.

இப்ப விஷயத்துக்கு வரேன். தப்பு பசங்க மேல இல்ல, பந்து மேல. 61 பேருக்கு ஒரு பந்துன்னா யாரு கெட்டிக்காரனோ அவன் காலுலதான் அது இருக்கும், மிச்ச பேரு அத பாத்துக்கிட்டு நிப்பாங்க, கொஞ்ச நாள்ல உக்காந்துருவாங்க. மத்திய அரசோட சமக்ர சிக்ஷா பள்ளிக்கல்வி திட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு வருஷம் 5,000 ரூபாய் விளையாட்டு சாமானுக்குன்னு இருக்கு (அந்த திட்டப் பணமே டெல்லியில மாட்டிக்கிட்ட கதை ஊருக்கே தெரியும், அது வேற), வந்துச்சுன்னா தயவு செஞ்சு ஒரு நல்ல ஃபுட்பாலும் ஒரு கிரிக்கெட் செட்டும் வாங்கிராதீங்க. இருபது ரப்பர் பந்து, பத்து ரிங்கு, பத்து ஸ்கிப்பிங் கயிறு வாங்குங்க. ரிங்கு வாங்க காசு இல்லன்னா பழைய சைக்கிள் ட்யூப்ப வெட்டி முறுக்கி கட்டுனாலும் ஆச்சு.

ரெண்டாவது, 'அவுட்டு'. மியூசிக்கல் சேர்ல யாரு முதல்ல அவுட் ஆவா? மெதுவா ஓடுறவன். அவனுக்குத்தான் ஓட்டம் அதிகமா வேணும், அவனத்தான் நாம முதல்ல உக்கார வைக்கிறோம். அதனால என் பீரியட்ல அவுட்டுன்னு ஒண்ணு கெடையாது, அவுட் ஆனா வேலி வரைக்கும் ஓடி தொட்டுட்டு திரும்ப ஆட்டத்துக்கு வந்துரணும், இல்லன்னா எதிர் டீமுக்கு போயிரணும். நாம தெருவுல ஆடுனப்ப சின்ன புள்ளைய 'ஒப்புக்குச் சப்பாணி'ன்னு சேத்துக்குவோம், ஞாபகம் இருக்கா? அவன தொட்டாலும் அவுட் இல்ல, ஆனா ஆட்டத்துக்குள்ளதான் ஓடிக்கிட்டு இருப்பான். இப்ப அத கிண்டலா சொல்றாங்க. என்ன கேட்டா அத கண்டுபுடிச்சவருக்கு சிலை வைக்கணும்.

மூணாவது, ரெண்டு கேப்டன நிக்க வச்சு "நீ ஒருத்தன எடு, நீ ஒருத்தன எடு"ன்னு டீம் பிரிக்கிறத இன்னையோட நிறுத்துங்க. கடைசியா நிக்கிற பையன் மூஞ்ச ஒரு தடவ பாத்தா அப்புறம் செய்ய மாட்டீங்க. சா பூ த்ரீ போடுங்க, கைய மேல வச்சவன் ஒரு பக்கம், கீழ வச்சவன் ஒரு பக்கம், யாருக்கும் மனசுல ஒண்ணும் தங்காது.

உங்க பை காவல்காரன பத்தி ஒண்ணு. பாண்டியில பெத்தாங்க்னு ஒரு ஆட்டம் இருக்கு, பிரான்ஸ்ல இருந்து வந்தது. சின்ன மரக்குண்ட தூரத்துல போட்டுட்டு அதுக்கு கிட்ட போய் நிக்கிற மாதிரி இரும்பு குண்ட வீசணும், பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்குற பெரியவங்க சாயந்திரமானா ஆடுவாங்க, நிதானமா. நம்ம கோலி ஆட்டத்தோட பெரியண்ணன்னு வச்சுக்குங்க. அதுல ஓட்டமே கெடையாது, கண்ணும் கையும்தான். ஓட கூச்சப்படுற பையனுக்கு முதல்ல குறி பாக்குற ஆட்டம் குடுங்க. இரும்பெல்லாம் வேணாம், ரப்பர் பந்தும் ஒரு தேங்கா ஓடும் போதும். அஞ்சாறு மீட்டர்ல கோடு, அவ்வளவுதான்.

---

லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

மாமா சொன்ன அந்த கடைசியா நிக்கிற பையன் கதை எங்க வீட்டு கதைங்க. என் பொண்ணு மூணாவது, பிரைவேட் ஸ்கூல், பேர் வேணாம். ஸ்போர்ட்ஸ் டேன்னு ரெண்டாயிரம் ரூபாய்க்கு தனி டிரஸ் வாங்க வச்சாங்க. ஓட்டத்துக்கு ஒரு கிளாஸ்க்கு நாலு பேர் செலக்ட் பண்ணிட்டாங்க, மத்த பிள்ளைங்களுக்கு 'டிஸ்ப்ளே'. என் பொண்ணு மேகம். நீல துணிய புடிச்சுக்கிட்டு வெயில்ல ஒன்றரை மணி நேரம் நின்னா, சீஃப் கெஸ்ட் லேட்டு. விளையாட்டு விழாவுல விளையாடாம மேகமா நின்னுட்டு வந்த பிள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்றது. அதுக்கு அப்புறம் விளையாட கூப்பிட்டாலே "எனக்கு வராதும்மா"ங்கிறா. எட்டு வயசுல வராதாம்!

சரின்னு ஒரு அகாடமியில சேக்க போனேன், வாரத்துக்கு ஆறு நாள், தினமும் ரெண்டு மணி நேரம், கிட் வாங்கவே எட்டாயிரம், "இப்பவே ஒரே கேம்ல போட்டாத்தான் மேடம் ஸ்டேட் லெவல் போகும்"னாங்க. எனக்கு தெரிஞ்ச பிசியோ பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ சிரிச்சா. அமெரிக்காவுல பிள்ளைங்க டாக்டர்கள் சங்கமே 15, 16 வயசு வரைக்கும் ஒரே விளையாட்டுல பூட்டாதீங்கன்னுதான் சொல்லுதாம், வாரத்துக்கு பயிற்சி மணி நேரம் பிள்ளையோட வயசுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு கணக்கு வேற வச்சிருக்காங்களாம். எட்டு வயசுக்கு எட்டு மணி நேரம், இவங்க கேக்குறது பன்னெண்டு. வேணாம்னுட்டு வந்துட்டேன்.

இப்ப என்ன பண்றோம்னா, பீச் ரோட்டுல சாயந்திரம் வண்டி விட மாட்டாங்கல்ல, அந்த நேரத்துக்கு வாரம் மூணு நாள் கூட்டிட்டு போறேன். ஓடு, குதின்னு ஒண்ணும் சொல்றதில்ல. நானும் கூட ஓடுறேன், எனக்கு மூச்சு வாங்குறத பாத்து அவளுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவையே ஜெயிக்கிறாளே! காந்தி சிலையில ஆரம்பிச்சு பழைய துறைமுகம் பக்கம் வரைக்கும், நடுவுல பட்டாணி சுண்டல். இப்ப எதிர் வீட்டு ரெண்டு பிள்ளைங்களும் ஒட்டிக்கிச்சு, நாலு பேர் ஆனதும் அவங்களே ஓடிப்புடிச்சு ஆரம்பிச்சுட்டாங்க, நான் தேவைப்படல.

இன்னொரு விஷயம், படிப்பு கெடும்னு சொல்ற அப்பா அம்மாகிட்ட கண்ணாடி கதைய சொல்லி பாருங்க டீச்சர். என் பெரிய பையனுக்கு கண்ணு செக் பண்ண போனப்ப டாக்டர் சொன்னது. சீனாவுல குவாங்சோங்கிற ஊர்ல ஒண்ணாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய, பகல் வெளிச்சத்துல ஒரு வகுப்பு வச்சு மூணு வருஷம் பாத்திருக்காங்க, 2015ல ரிசல்ட் வந்துச்சு. வெளிய போன பிள்ளைங்கள்ல நூத்துக்கு 30 பேருக்கு கிட்டப்பார்வை வந்துச்சு, போகாத ஸ்கூல்ல 39, 40 பேருக்கு. பத்து பிள்ளைக்கு கண்ணாடி மிச்சம்னா எந்த அப்பாவும் காது குடுத்து கேப்பார். எங்க வீட்டுக்காரரே கேட்டார்னா பாத்துக்கோங்க.

---

கேப்பர்மலை வாத்தியார் எழுதியது:

நல்லா பேசுறீங்க எல்லாரும், நானும் டீச்சர் மாதிரி ஒன்றிய பள்ளிதான், அதனால கசப்பான பக்கத்தையும் சொல்லிடறேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் கபடி ஆட விட்டேன், மூணாவது பையன் ஒருத்தன் கைய ஊணி விழுந்து மணிக்கட்டு விரிசல். நானே வண்டியில வச்சு கூட்டிட்டு போய் மாவுக்கட்டு போட்டு வீட்டுல விட்டேன். மறுநாள் காலையில அவங்க அப்பா பத்து பேரோட கேட்ல நிக்கிறார். "விளையாடவா ஸ்கூலுக்கு அனுப்பறோம்?" அதுக்கு அப்புறம் ஆறு மாசம் நான் பி.டி. பீரியட்ல வாய்ப்பாடுதான் சொல்ல வச்சேன். யாரு தப்பு சொல்வீங்க?

அப்புறம் நானே வெளிய வந்தேன், ரெண்டு காரியம் பண்ணினேன். ஒண்ணு, பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்ல வெளிப்படையா பேசினேன், வாரத்துல இத்தன நாள் இன்ன ஆட்டம் ஆடுவோம், கீறல் சிராய்ப்பு வரும், பெருசா அடிபட்டா இன்னார் வண்டியில கூட்டிட்டு போவோம்னு எல்லாத்தையும் தீர்மான நோட்டுல எழுதி கையெழுத்து. அதுக்கு அப்புறம் ஒரு சண்டை வரல, ஏன்னா முன்னாடியே சொல்லியாச்சு. சண்டை போட்ட அந்த அப்பாவையே குழுவுல சேத்தோம், இப்ப அவருதான் கிரவுண்டுல முள்ளு வெட்டுறார்.

ரெண்டாவது, தினம் 15 நிமிஷ ஓட்டம். இது என் சொந்த சரக்கு இல்ல, ஸ்காட்லாந்துல ஸ்டெர்லிங்ங்கிற ஊர்ல ஒரு தொடக்கப்பள்ளி எச்.எம். அம்மா 2012ல ஆரம்பிச்சது, 'டெய்லி மைல்'னு பேர், இப்ப நிறைய நாட்டுல நடக்குது. டிரஸ் மாத்த வேணாம், சாமான் வேணாம், கோச் வேணாம். ஸ்கூல சுத்தி ஓடு, முடியலன்னா நட, மூச்சு வந்ததும் திரும்ப ஓடு, பேசிக்கிட்டே போ. அவ்வளவுதான் சட்டம். முதல் வாரம் எல்லா பயலும் ரயில் புடிக்கிற மாதிரி பாய்ஞ்சுட்டு ரெண்டாவது ரவுண்டுல விலாவ புடிச்சுக்கிட்டு உக்காந்தான். மூணாவது வாரத்துல அவனவனுக்கு அவனவன் வேகம் புரிஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: யாரு எத்தன ரவுண்டுன்னு எண்ணாதீங்க. எண்ண ஆரம்பிச்ச அன்னைக்கே அது ரேஸ் ஆயிடும், மெதுவா போறவன் மறுபடி மரத்தடிக்கு போயிருவான். நான் ஒரு தடவ அந்த தப்ப பண்ணினேன், பழையபடி கொண்டு வர ஒரு மாசம் ஆச்சு.

நேரம் முக்கியம். காலை உணவு முடிஞ்ச கையோட ஓட விட்டேன் முதல்ல, ரெண்டு பேர் கிச்சடிய அப்படியே வாந்தி எடுத்துட்டான். இப்ப காலையில இன்டர்வெல்லுக்கு முன்னாடி 15 நிமிஷம். பங்குனி சித்திரையில அதுவும் முடியாது, பிரேயர் முடிஞ்சதும் வெயில் ஏர்றதுக்குள்ள ஓட்டிருவோம், தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்பணும். செருப்ப கழட்டி வச்சுட்டு ஓடுறவன் இருப்பான், தரைய நாமளே ஒரு தடவ கையால தொட்டு பாத்துருங்க. சூடு நமக்கு செருப்புல தெரியாது.

---

ஓ.டி. ஃபுட்பால் எழுதியது:

கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) இருந்து. டீச்சர், அந்த 14ல ஒரே ஒரு பொண்ணுன்னு சொன்னீங்களே, அத பத்தி மட்டும் பேசறேன், மத்தத மாமா பாத்துப்பார்.

நம்ம ஊரு பொண்ணுங்களுக்கு விளையாட்டு வராதுன்னு எவனாவது சொன்னா சிரிப்புதான் வரும். இந்திய பெண்கள் ஃபுட்பால் டீமுல ஆடுன இந்துமதி கதிரேசன் கடலூர் பொண்ணு, நம்ம போலீஸ்ல எஸ்.ஐ. இதே மாவட்டத்துல பொண்ணுங்க ஃபுட்பால் டீம் கெளம்பி தேசிய பெண்கள் லீக் வரைக்கும் போய் ஆடியிருக்கு. அந்த பொண்ணுங்க போட்டோவ ஒட்டி வைங்க உங்க கிளாஸ்ல, கிரிக்கெட் ஸ்டார் போட்டோவுக்கு பதிலா. "கடலூரா மிஸ்? நம்ம கடலூரா?"ன்னு கேப்பாங்க பாருங்க.

நான் ஞாயித்துக்கிழமை தேவனாம்பட்டினம் மணல்ல சின்ன பசங்களுக்கு சும்மா சொல்லி குடுக்குறவன், கோச்சு சர்டிபிகேட் எல்லாம் கெடையாது. பொண்ணுங்க ஏன் நாலாவது அஞ்சாவதுல ஒதுங்குறாங்கன்னு அவங்க அம்மாங்ககிட்டயே கேட்டேன். விளையாட்டு புடிக்காம இல்ல. பாவாடை தூக்கும்னு கூச்சம், அதுக்கு உள்ள ஒரு ஷார்ட்ஸ் போட்டுட்டு வான்னா தீந்துது. கருத்து போயிடுவாங்கிற பேச்சு ஒண்ணு, அதுக்கு மருந்து என்கிட்ட இல்ல, நான் கருப்பாத்தான் இருக்கேன் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெரிய காரணம் பசங்கதான். பந்து குடுக்க மாட்டான், தப்பா அடிச்சா சிரிப்பான்.

அதுக்கு ஒரு ரூல் போட்டு பாத்தேன், பொண்ணு கால்ல பந்து பட்டாத்தான் கோல் செல்லும்னு. தோத்து போச்சு. பயலுக பேருக்கு ஒரு தட்டு தட்டி அவ கால்ல பட வச்சு அடுத்த நொடியே புடுங்கிட்டானுங்க. அதனால பெரிய கிரவுண்ட விட்டுட்டேன். மூணுக்கு மூணு, பதினஞ்சு அடி நீளம், செருப்பு ரெண்டு வச்சா கோல் போஸ்ட், கோல் கீப்பர் கெடையாது. ஒரே நேரத்துல நாலு மேட்ச் ஓடும். மூணு பேர்ல ஒருத்தியா இருக்கும்போது பந்து குடுக்காம வேற யாருகிட்ட குடுப்பான்? வந்தே ஆகணும். ஒரு மாசத்துல ரெண்டு பொண்ணுங்க பயலுகள தள்ளிட்டு போக ஆரம்பிச்சுட்டாங்க, இப்ப கம்ப்ளெய்ன்ட் எல்லாம் பயலுக பக்கம் இருந்து வருது.

---

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா அவுட் கெடையாது, ரவுண்டு எண்ணக்கூடாது, கேப்டன் கெடையாது... இப்படி பொத்தி பொத்தி வளத்தா நாளைக்கு போட்டின்னு வந்தா எப்படி நிப்பான்? போட்டியே இல்லாத விளையாட்டு உப்பு இல்லாத சோறு. நாங்க எல்லாம் தோத்து அழுது வளந்தவங்கதான். ப்ரைஸ் அடிக்கணும்ங்கிற வெறியில ஓடினவங்க.

---

விசில் மாமா எழுதியது:

நெய்வேலி தம்பி, நீங்க தோத்து அழுது வளந்தீங்க சரி, உங்க கூட தோத்து அழுது அதோட விட்டுட்டு போனவன் எத்தன பேருன்னு உங்களுக்கு தெரியுமா? அவன் எந்த கிரவுண்டுக்கும் வரமாட்டான், அதனால உங்க கண்ணுக்கு படமாட்டான். எனக்கு தெரியும், 31 வருஷம் மரத்தடியில பாத்திருக்கேன்.

போட்டி வேணாம்னு யாரும் சொல்லல. பசங்க ஸ்கோர் எண்ணாம இருக்க மாட்டாங்க, மூணு வயசு புள்ள கூட 'நான்தான் ஃபர்ஸ்ட்'னுதான் சோத்த முழுங்குது. பெரியவங்க நாம அதுல போர்டு மாட்டி, கப்பு வாங்கி, மைக்ல பேர் வாசிக்கிறதத்தான் கொஞ்சம் தள்ளி போட சொல்றேன். நார்வேன்னு ஒரு நாடு, மொத்த ஜனமே நம்ம சென்னை அளவு வராது. அங்க பிள்ளைங்க விளையாட்டுக்குன்னே சட்டதிட்டம் எழுதி வச்சிருக்காங்க, பிள்ளைக்கு 11 வயசு வர்ற வரைக்கும் ரிசல்ட் லிஸ்ட்டு, பாயின்ட் டேபிள் கெடையாது, பரிசு குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். அப்படி பொத்தி வளத்தவங்க 2018 விண்டர் ஒலிம்பிக்ல 39 மெடல் வாங்கி முதல் இடம். அவங்களுக்கு காசு இருக்கு, பனி இருக்கு, நமக்கும் அவங்களுக்கும் ஒட்டாதுன்னு சொல்வீங்க, ஒத்துக்கறேன். ஆனா நம்ம பசங்க ஒண்ணாவதுலயே லிஸ்ட் போட்டு வடிகட்டி என்னத்த கண்டோம்? நம்ம ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் அத்தாரிட்டி ஹாஸ்டலுக்கே ஏழாவதுல இருந்துதான் ஆள் எடுக்குறாங்க, அஞ்சாவதுலயே வடிகட்ட நமக்கு என்ன அவசரம்.

அமெரிக்காவுல ஃபுட்பால் ஆடுற பிள்ளைங்ககிட்ட விளையாட்டுல எது உனக்கு ஜாலின்னு கேட்டு 81 காரணம் தொகுத்திருக்காங்க. ஜெயிக்கிறது எத்தனாவது இடம்? 48. நல்லா முயற்சி பண்றது, நல்ல விதமா நடந்துக்கிறது, கோச் நல்லபடியா பேசுறது, இதெல்லாம்தான் மேல. கப்பு நமக்குத்தான் முக்கியம் தம்பி, வீட்டு ஷோகேஸ் நம்மளது.

---

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

மாமா, ஷோகேஸ் பாயின்ட் ஏத்துக்கறேன், எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. ஆனா அஞ்சாவதுலயாவது ஒரு சின்ன மேட்ச் வைங்க, சுத்தமா சப்புன்னு ஆக்கிராதீங்க.

---

பெண்ணையாத்து டீச்சர் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. நாலு வாரம் கழிச்சு வரேன், செஞ்சு பாத்துட்டு வரலாம்னுதான் லேட்டு.

முதல்ல பைய எல்லாம் கிளாஸ்லயே வச்சு கதவ சாத்திட்டேன். காவல் வேலைக்கு ஆள் தேவை இல்லாம பண்ணிட்டேன்.

15 நிமிஷ ஓட்டம் தினமும் நடக்குது, மழை ரெண்டு நாள் தவிர. வாத்தியார் சார் சொன்ன மாதிரியே முதல் வாரம் எல்லாரும் விலாவ புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. எச்.எம். முதல்ல முணுமுணுத்தாங்க, இப்ப அவங்களும் புடவைய இழுத்து சொருகிட்டு ரெண்டு ரவுண்டு நடக்குறாங்க, சுகர் இருக்கு அவங்களுக்கு. ஓடிட்டு வந்து உக்காந்தா பதினோரு மணி கிளாஸ் கொஞ்சம் அமைதியா போகுது, இது நான் எதிர்பாக்காதது. நோட்டு திருத்துறது மட்டும் வீட்டுக்கு போகுது, அதுக்கு வழி கெடைக்கல, மூட்டை தூக்கிட்டு பஸ் ஏறுறேன்.

மூணுக்கு மூணு ஃபுட்பால் பாதி ஓகே. நாலு மேட்ச்ல ரெண்டுல சண்டை, ரெஃப்ரி இல்லாம முடியல. பொண்ணுங்க எட்டு பேர் ஆடுறாங்க. மூணு பேர் இன்னும் ஜடைதான். அவங்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு குடுத்தேன், இப்ப ஜடை பின்னிக்கிட்டே யாரு எத்தன எண்ணிக்கைன்னு பேசுறாங்க. கோகோ சின்ன சின்ன வரிசையா, அஞ்சு பேர் அஞ்சு பேரா பிரிச்சு விட்டேன், அதுதான் எல்லாத்தையும் விட நல்லா போகுது. உலகக் கோப்பையில நம்ம ஆம்பளைங்க டீம், பொம்பளைங்க டீம் ரெண்டுமே 2025ல ஜெயிச்சாங்கன்னு சொன்னதும் "கோகோவுக்கு உலகக் கோப்பையா"ன்னு ஒருத்தன் நம்பவே இல்ல, போன்ல எடுத்து காட்டினேன்.

பெத்தாங்க் பத்தி. தேங்கா ஓடு வச்சு, ரப்பர் பந்து. நம்ம பை காவல்காரன் முதல் நாள் வரல. ரெண்டாம் நாள் வந்து ஓரமா நின்னு பாத்தான். மூணாம் நாள் யாரும் இல்லாதப்ப தனியா போட்டு பாத்துக்கிட்டு இருந்தத ஜன்னல் வழியா பாத்தேன், கண்டுக்கல. இப்ப அஞ்சாவது பசங்களே அவன தங்களோட டீமுக்கு இழுக்குறாங்க, ஏழு எட்டு அடி தள்ளி நின்னாலும் அவன் குறி தப்ப மாட்டேங்குது. வாயே தெறக்காத புள்ள நேத்து ஒருத்தன்கிட்ட "டேய் கோட்ட மிதிக்காத"ன்னு கத்தினான். ஓட்டத்துல இன்னும் நடக்கத்தான் செய்றான், நடுவுல ரெண்டு மூணு தடவ ஓடுறான். நான் எண்ணலீங்க, கண்ணு தானா எண்ணிடுது.

நெய்வேலி சார், அஞ்சாவதுக்கு பொங்கல் லீவு முன்னாடி ஒரு மேட்ச் வைக்கலாம்னு இருக்கேன், கோகோ. பேர் வாசிக்க மைக் கெடையாது.

ஒரு சந்தேகம், கோடு போட சுண்ணாம்பு பவுடர் வாங்கலாமான்னு எச்.எம். கேக்குறாங்க. காத்துல அழிஞ்சு போகுது தினமும்.

---

விசில் மாமா எழுதியது:

சுண்ணாம்பு வேணாம்மா, முக்கியமா சுட்ட சுண்ணாம்பு கிட்டயே போகாதீங்க, கண்ணுல பட்டா எரிச்சிடும், சின்ன பசங்க கையால அள்ளுவாங்க. வெள்ளை கோலப்பொடி மூட்டையா வாங்குங்க, சீப்பு. இல்லன்னா அரை இஞ்சு சணல் கயிறு பதிச்சு ரெண்டு பக்கமும் ஆணி மாதிரி வளைச்ச கம்பி அடிச்சு விட்டுருங்க, மழை வந்தாலும் போகாது. கம்பி முனை மண்ணுக்கு மேல தெரியாம பாத்துக்குங்க. தேங்கா ஓட்டுக்கு பதிலா சிவப்பு பெயின்ட் அடிச்ச ஒரு மரக்கட்டை வச்சா சாயந்திர வெளிச்சத்துலயும் அவனுக்கு தெரியும்.